அறுநூறு பூஸும் ஓர் அமாவாசையும்

அறுபது வயது அண்ணைக்கு ஓர் இறைச்சிக் கொழுக்கட்டை தீத்திவிடுவதற்காக விசா எடுத்து விமானம் ஏறிய ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். அதையாவது ஒழுங்காகச் செய்தேனா என்றால், இல்லை.

என் அண்ணை முப்பத்து மூன்று வருடமாகக் கெல்சென்கிர்ச்சனில் இருக்கிறார். மச்சாள் இறந்து ஐந்து வருடம் ஆகிறது. ஒரே மகள் தாரணி, ஹனோவரில் இயன்மருத்துவர். தன்னோடு வேலை செய்யும் தெமூலென் என்ற மொங்கோலியப் பையனைக் கல்யாணம் செய்வதாக முடிவெடுத்து, ஏப்ரலில் பதிவுத் திருமணத்துக்கு நாளும் நேரமும், அங்கே அதற்கு டெர்மின் என்று பெயர், எடுத்துவிட்டாள். அண்ணை அவளோடு கதைத்து எட்டு மாதம். தொலைபேசியில் அவள் பெயர் விழுந்தால் அதைக் கவிழ்த்து வைப்பாராம். அவளே சொன்னாள்.

"மாமி, அவையின்ர வருசப் பிறப்புக்கு முதல் நாள் வீட்டு ஆக்கள் மட்டும்தான் ஒண்டா இருந்து சாப்பிடுறவை. வெளியாக்களைக் கூப்பிட மாட்டினம். தெமூலென்ர அம்மா எங்களைக் கூப்பிட்டிருக்கிறா. அப்பா வந்து ஒரே ஒரு பூஸ் சாப்பிட்டால் காணும். பிறகு டெர்மினுக்கும் வருவார் எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் வந்து கூட்டிக்கொண்டு வந்தால்தான் அவர் வருவார்."

"பூஸ் எண்டால் என்ன?"

"இறைச்சிக் கொழுக்கட்டை மாதிரி மாமி. அண்டைக்கு வயிறு நிறையச் சாப்பிடோணும். பசியோட இருந்தால் வருசம் முழுக்கப் பசியாம்."

இந்த முறை அது ஞாயிற்றுக்கிழமை வருகிறதாம், நல்ல நாளோ என்று கேட்டாள். குசினிச் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை இல்லை. அமாவாசை திங்கட்கிழமை. ஞாயிறு மச்ச மாமிசம் சாப்பிடத் தடை ஒன்றும் இல்லை. நல்ல நாள்தான் என்று சொன்னேன். இனி வரப்போகிற எல்லாக் கோபத்துக்கும் மூலம் அந்த ஒரு நிமிடம்தான். நான் யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள் என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

பிராங்பேர்ட் விமான நிலையத்தில் தாரணி காத்திருந்தாள். கட்டிப் பிடித்தாள். பக்கத்தில் நின்ற நெட்டைப் பையன் கை கூப்பி, "வணக்கம் மாமி, பயணம் சுகமோ?" என்றான். அதற்கு மேல் அவனுக்குத் தமிழ் இல்லை என்றாலும், முப்பத்து மூன்று வருடம் ஜேர்மனியில் இருக்கும் என் கூடப்பிறந்தவர் அந்த நேரத்தில் வீட்டில் இருந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் ரயிலை ரத்துச் செய்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பெண் ஏதோ பாட்டுப்போலச் சொல்ல, தாரணி மொழிபெயர்த்தாள். "இந்த ரயில் இண்டைக்கு வராதாம். உங்கட புரிதலுக்கு நன்றியாம்."

நான் எதையும் புரிந்துகொள்ளவில்லை. அதற்குள் எதற்கு நன்றி? எங்கள் ஊரில் பஸ் வராவிட்டால் ஒருவரும் நன்றி சொல்வதில்லை. நாங்களும் நாலு வார்த்தை ஏசிவிட்டு நடப்போம், மனம் ஆறிவிடும். இங்கே முன்கூட்டியே நன்றி சொல்லி வாயை அடைத்துவிடுகிறார்கள்.

அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. நிலையத்துக்குள் ஒரு கடை, மூங்கில் கூடைகள் அடுக்கி ஆவி பறந்துகொண்டிருந்தது. பலகையில் ஆறு நாடுகளின் கொடி. நேபாளக் கொடிக்குக் கீழே மோமோ, சீனக் கொடிக்குக் கீழே ஜியாவோஸ, கொரியக் கொடிக்குக் கீழே மாண்டு என்று எழுதியிருந்தது. மூன்றும் வேண்டும் என்றேன். மூன்று தட்டு வந்தது. மூன்றிலும் ஒரே சாமான். ஒரே மடிப்பு, ஒரே முட்டைக்கோவாப் பூரணம், ஒரே இனிப்புச் சோஸ். கொடி மட்டும் வேறு.

"இதுக்கு ஆறு கொடி எதுக்கு?" என்று கடைக்காரனிடம் கேட்கச் சொன்னேன். தாரணி தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவன் தோளைக் குலுக்கினான். "சனங்களுக்கு வித்தியாசம் தெரியாது எண்டு சொல்லுறார், மாமி."

தெமூலென் சிரிக்கவில்லை. ஜேர்மன் மொழியில் மெல்லிய குரலில் ஏதோ சொன்னான். தாரணி சொன்னாள்: "மோமோவுக்குச் சட்னி வேணும். மாண்டு மெல்லிசா இருக்கோணும். ஜியாவோஸ அரைச் சந்திரன் மாதிரி. பூஸ் வட்டம், உச்சியில ஒரு ஓட்டை, ஆவி போக. அதுக்கு ஒரு சோஸும் வேண்டாமாம், உள்ளுக்க இருக்கிற சாறே காணுமாம். அம்மா இதைப் பார்த்தால் கூடையோட தூக்கி எறிவா எண்டு சொல்லுறான்."

அந்த அம்மாவை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

கெல்சென்கிர்ச்சனில் அண்ணையின் கட்டட வாசலில் தாரணி நின்றுவிட்டாள். மணியை அழுத்தினாள். கதவு திறக்கும் சத்தம் வந்தது, ஆள் வரவில்லை. "நீங்கள் போங்கோ மாமி. ஞாயிற்றுக்கிழமை பார்ப்பம்" என்று சொல்லிப் பெட்டியை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். மூன்றாம் மாடியில் திரைச்சீலை அசைந்ததை நான் கண்டேன். அவளும் கண்டாள்.

"இறங்கி வந்தால் கால் தேஞ்சு போமோ?" என்றுதான் ஏழு வருடத்துக்குப் பிறகு பார்த்த அண்ணையிடம் முதலில் கேட்டேன்.

"பவா, முதல் இருந்து தேத்தண்ணி குடி" என்றார்.

அண்ணை ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறார். அகதியாக வந்து பாத்திரம் கழுவத் தொடங்கியவர், இப்போது அங்கே தலைமைச் சமையற்காரர். மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, கீழே நாலு பேர். பன்றி இறைச்சியை அரைத்துப் பெரிய பெரிய உருண்டையாகப் பிடித்துக்கொண்டிருந்தார். விரலால் எடுத்து உப்பும் பார்த்தார். எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை. தொழில். ஆனால் பார்த்ததை மனதில் குறித்து வைத்துக்கொண்டேன், தேவைப்படும் என்று.

வேலை முடிந்து வரும் வழியில் ஒரு துருக்கிக் கடைக்குள் நுழைந்தார். அங்கே அவரை எல்லோருக்கும் தெரியும். நிலக்கடலை அளவில் குட்டிக் குட்டிக் கொழுக்கட்டைகள், மேலே தயிர், அதற்கு மேலே மிளகாய் போட்டு உருக்கிய பட்டர். மந்தி என்று பெயர். உள்ளே ஆட்டிறைச்சி. அண்ணை கரண்டியால் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். தட்டைப் பாணால் துடைத்தும் சாப்பிட்டார்.

"உதுக்குள்ள இறைச்சிதானே?" என்றேன்.

"ஓம்."

"மாவுக்குள்ள வச்சு அவிச்சதுதானே?"

"ஓம், அதுக்கென்ன?"

"அப்ப அவள் கூப்பிடுறதும் இதுக்குத்தானே. துருக்கிக்காரன்ர எண்டால் இறங்குது, மொங்கோலியாக்காரற்ற எண்டால் தொண்டைக்க சிக்குதோ?"

கரண்டியை வைத்தார். "எடி, எனக்குச் சாப்பாட்டில ஒரு கோபமும் இல்லை. பெடியனிலயும் இல்லை. கோயில் வாசலில செருப்புக் கழட்டேக்க ஒருத்தன் வந்து, அண்ணை, மகளுக்குக் கல்யாணமாம், வாழ்த்துகள் எண்டு சொல்லுறான். அப்பதான் எனக்குத் தெரியும். என்ர பிள்ளையின்ர கல்யாணம் எனக்குச் செருப்படியில வச்சுத்தான் தெரியவேணுமோ?"

நான் தாரணி மீதும் கோபப்பட்டேன். நியாயம் நியாயம்தான். அன்று மாலை அவளுக்கு எடுத்து ஏசினேன். "சொன்னால் கத்துவார் எண்டு பயந்தனான் மாமி. நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு பிந்திப்போச்சு" என்று அழுதாள். அதை அண்ணையிடம் சொன்னேன். அவர் ஞாயிற்றுக்கிழமை போட நல்ல சேட் ஒன்றை எடுத்து அயன் பண்ணினார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துப் படுத்தேன்.

ஞாயிறு காலை நான் குளித்துவிட்டு வரும்போது அண்ணை பல்கனிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு. நல்ல காரியத்துக்குப் போகிறோம், பூசியிருக்கிறார் என்று எண்ணினேன். கையில் ஒரு சின்னப் பெட்டியும் எடுத்துக்கொண்டார். பதினொரு மணி ரயில். இந்த முறை வந்தது.

மின்டன் என்ற ஊருக்கு முன்னால், ஒரு வெறும் வயலின் நடுவில், ரயில் நின்றது. பத்து நிமிடம் போயிற்று. இருபது போயிற்று. பசித்தது. நான் கட்டிக்கொண்டு வந்த முட்டைப் பாணை எடுத்து நீட்டினேன்.

"எனக்கு வேண்டாம்" என்று சொல்லி அண்ணை தன் பெட்டியைத் திறந்தார். சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி. மரக்கறியைப் பார்த்த உடனே நீட்டிய பாணைக் கீழே வைத்தேன்.

"இதென்ன?"

"விரதம். இண்டைக்கு அமாவாசை."

"நாளைக்கல்லோ அமாவாசை. நான் கலண்டர் பார்த்தனான்."

"நீ பார்த்தது யாழ்ப்பாணத்துக் கலண்டர். இஞ்சத்தக் கோயில் கலண்டரில இண்டைக்கு. குசினியில, பிரிஜ்ஜில ஒட்டிக் கிடக்கு. நாலு நாளா அதுக்கு முன்னால நிண்டுதானே தேத்தண்ணி போட்டனி."

நாலரை மணித்தியால வித்தியாசம். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு யாழ்ப்பாணத்தில் திதி தொடங்கினால் ஜேர்மனியில் அது மத்தியானம் ஒன்றரை. பிற்பகலில் திதி நிற்கிற நாளில்தான் பிதிர் விரதம். அங்கே அது திங்கள், இங்கே ஞாயிறு. எட்டாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. இதில் பிழைவிட்டவள் பிள்ளைகளின் கொப்பியில் சிவப்புக் கோடு போடுகிறவள்.

"உங்களுக்கு இது எப்ப தெரியும்?"

"நீ நாள் சொன்ன அண்டைக்கே தெரியும்."

"மூண்டு கிழமையா வாய் திறக்காமல் இருந்தனீங்களோ?"

"நாள் பார்த்தது நீ. என்னை ஆரும் கேட்கேல்லை. எல்லாம் முடிச்சுப்போட்டுத்தானே எனக்குச் சொல்லுறியள்."

இவ்வளவு நாளும் அடக்கி வைத்த கோபம் எல்லாம் வந்தது. பன்றி இறைச்சியை இழுத்தேன். "அமாவாசையிலயும் உந்தக் கையாலதானே உருண்டை பிடிக்கிறியள்?" என்றேன். "தொழில் வேற, விரதம் வேற" என்றார். விடவில்லை நான். "அப்பா செத்தது யாழ்ப்பாணத்தில. அங்க இண்டைக்கு அமாவாசை இல்லை. அப்பாவுக்கு எந்த ஊர் நேரம்?"

"அமாவாசை பிடிக்கிறவன் இருக்கிறது இஞ்ச. சோறு தின்னுற காகமும் இஞ்சத்தக் காகம்" என்றார். காலையில் பல்கனிக் கதவு எதற்குத் திறந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

அதற்குப் பிறகு நான் சொன்னதை இங்கே எழுதாமல் விடலாம். விட்டால் இந்தக் கட்டுரை பொய்.

"செத்தவீட்டுக்கே வராதவர், இப்ப அமாவாசை பிடிச்சு என்ன கிழிக்கப் போறியள்?"

அப்பா இறந்தபோது அண்ணையின் அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. ஜேர்மனியை விட்டு வெளிக்கிட்டால் திரும்ப வரமுடியாது. வந்திருந்தாலும் அந்த நாட்களில் ஊருக்குள் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். கொள்ளி வைத்தது சித்தப்பாவின் மகன். அதுவும் எனக்குத் தெரியும், நான் அந்த முற்றத்தில் நின்றவள். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

அண்ணை சோற்றுப் பெட்டியை மூடினார். பாதிச் சோறு அப்படியே கிடந்தது. ரயிலின் ஒலிபெருக்கி இரைந்தது. தண்டவாளத்தில் ஏதோ கோளாறாம் என்று முன்னால் இருந்த பெண் ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னாள். "எங்கள் புரிதலுக்கு நன்றி சொல்கிறார்கள்" என்றும் சொல்லிச் சிரித்தாள்.

ஹனோவரில் தெமூலெனின் அம்மா ஒயுனா கதவைத் திறந்தபோது வீடு முழுக்க ஆட்டுக் கொழுப்பு வாசம். கட்டையான, அகன்ற தோள் உள்ள மனுசி, ஒரு பேக்கரியில் வேலை. வெள்ளைப் பட்டி வைத்த நீல நிற நீண்ட அங்கி போட்டிருந்தார். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, கைகளைப் பிடித்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துச் சூடாக்கினார். தாரணி அப்பாவைப் பார்த்தாள். அப்பா சப்பாத்துக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

மேசையில் ஒரு முழு ஆட்டின் பின்பகுதி, வாலோடு. பக்கத்தில் பாதம் அளவு நீளப் பலகாரங்களை ஐந்து தட்டாக அடுக்கி, மேலே காய்ந்த தயிர்க்கட்டிகள். அடுப்பில் நாலடுக்கு அலுமினியச் சட்டி. மூன்று நாளாக அவரும் மகனும் தாரணியும் இருந்து அறுநூறு பூஸ் மடித்தார்களாம். பல்கனியில் பலகை போட்டு, குளிரில் வைத்து உறையவிட்டு, பைபையாகக் கட்டியிருந்தது. நாளை முதல் வரும் விருந்தாளிகளுக்கு அது. இன்றைக்கு முதல் சட்டி எங்களுக்கு.

ஒயுனா மூடியைத் திறந்தார். ஆவி முகட்டுக்குப் போனது. உடனே ஒரு வெட்டுப் பலகையை எடுத்துப் பூஸ்களுக்கு மேலே படபடவென்று விசிறினார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நாங்கள் கொழுக்கட்டையைச் சட்டியோடு ஆறவிடுகிறவர்கள். "விசிறினால்தான் மா பளபளப்பா வரும், ஒண்டோட ஒண்டு ஒட்டாது" என்று தாரணி சொன்னாள்.

முதல் பூஸை இரண்டு கையாலும் ஏந்தி, ஒயுனா அண்ணைக்கு நீட்டினார்.

அண்ணை எழுந்து நின்று கை கூப்பினார். ஜேர்மன் மொழியில் சொன்னார். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. எனக்கு விளங்கவில்லை, ஆனால் தாரணியின் முகம் வெளிறியது விளங்கியது. "அப்பா தான் இண்டைக்கு மச்சம் சாப்பிட ஏலாது எண்டு சொல்லுறார். இண்டைக்கு நிலவில்லாத நாள், செத்துப்போன தகப்பனுக்கு விரதம் எண்டு..." என்றவள் என்னிடம் திரும்பினாள். "மாமி, நீங்கள் நாள் பார்த்துத்தானே சொன்னனீங்கள்?"

இந்த உலகத்தில் என்னை அப்படிப் பார்க்கும் உரிமை அந்தப் பிள்ளைக்கு ஒருத்திக்குத்தான் இருந்தது. "பார்த்தனான். பிழையாப் பார்த்திட்டன்" என்றேன்.

நீட்டிய பூஸ் நீட்டியபடியே இருந்தது. அதை நான் வாங்கினேன். வேறு என்ன செய்ய? கோபமும் வெட்கமும் சேர்ந்து வர, மோதகம் கடிப்பதுபோல நடுவில் ஒரு கடி கடித்தேன். உள்ளே நின்ற சாறு அவ்வளவும் கொதிக்கக் கொதிக்க நாடியில் வழிந்து, சேலைக் கரையில் விழுந்தது. நாக்கு வெந்தது. தெமூலென் ஓடிப்போய்த் துணி கொண்டுவந்தான். ஒயுனா இன்னொரு பூஸை எடுத்து எனக்குச் செய்து காட்டினார். ஓரத்தில் சின்னதாக ஒரு கடி. அதன் வழியே சாற்றை உறிஞ்சிக் குடி. பிறகு சாப்பிடு.

அதன்படி சாப்பிட்டேன். உப்பு, வெங்காயம், ஆடு. வேறொன்றும் இல்லை. பிராங்பேர்ட் கடையின் அத்தனை கொடிகளையும் இறக்கிவிடலாம், அப்படி ஒரு ருசி. அண்ணைக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன். பதினேழு. கோபத்தில் எனக்குப் பசி அதிகம்.

அண்ணை உப்புப் போட்ட பால்தேநீர் மூன்று கிண்ணம் குடித்தார். தயிர்க்கட்டி சாப்பிட்டார், பலகாரம் சாப்பிட்டார். எல்லாரும் பூஸ் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாரணி ஒன்றுமே தொடவில்லை. தெமூலென் அவளது தட்டில் வைத்த இரண்டும் ஆறிப்போய்க் கொழுப்பு வெள்ளையாகப் படிந்துவிட்டது. வருடம் முழுக்கப் பசி என்று நம்புகிறவர்களின் வீட்டில் இரண்டு பேர் பூஸ் தொடாமல் இருக்கிறார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கிறார்கள், அந்த நாளை நல்ல நாள் என்றவள் நான்.

இருட்டத் தொடங்கியபோது ஒயுனா குளிர்பெட்டியிலிருந்து மூன்று ஐஸ் கட்டிகளை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய், விளிம்பில் வரிசையாக வைத்தார். அண்ணை எழுந்து அவருக்குப் பின்னால் போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இருவரும் நின்று கதைத்தார்கள். அண்ணை கையை நீட்டி நீட்டி ஏதோ சொன்னார். வந்ததிலிருந்து அவர் அவ்வளவு கதைத்தது அங்கேதான்.

"என்ன கதைக்கினம்?" என்று கதவோரம் நின்ற தாரணியைக் கேட்டேன்.

"இண்டைக்கு ராத்திரி ஒரு பெண் தெய்வம் குதிரையில வருமாம். அந்தக் குதிரைக்குத் தாகம் எடுக்குமாம், அதுக்குத்தான் ஐஸ். அப்பா காகத்தைப் பற்றிச் சொல்லுறார்." கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். "அப்பப்பா செத்தபோது தான் போகேல்லை எண்டு சொல்லுறார். அண்டையில இருந்து ஒரு அமாவாசையும் விடேல்லையாம். மாமி, இதை எனக்கு அப்பா ஒருநாளும் சொன்னதில்லை."

நான் துணியை எடுத்துச் சேலைக் கரையைத் துடைக்கத் தொடங்கினேன். அது போகாத கறை.

வெளிக்கிடும்போது ஒயுனா ஒரு பெரிய தயிர் வாளி நிறைய உறைந்த பூஸ் கொண்டுவந்து, என்னிடம் அல்ல, அண்ணையின் கையில் கொடுத்தார். ஜேர்மன் மொழியில் இரண்டே வரி. தாரணி எனக்குச் சொன்னாள்: "இண்டைக்கு எங்களுக்கு, நாளைக்கு அவருக்கு. ஆனால் வயிறு நிறையோணுமாம்."

அண்ணை தலையாட்டி வாங்கிக்கொண்டார். மகளிடம் ஒரு சொல் சொல்லாமல் படி இறங்கினார். திரும்பும் ரயில் ஒரு நிமிடமும் பிந்தவில்லை. அன்றைக்குப் பார்த்து.

திங்கட்கிழமை அண்ணைக்கு மத்தியானம்தான் வேலை. காலையில் குசினியில் பாத்திரச் சத்தம் கேட்டுப் போனேன். இடியப்பம் அவிக்கும் சட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. இடியப்பத் தட்டுகளை மேசையில் பரப்பி, வாளியிலிருந்து பூஸை எடுத்து ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். கல்லுப்போல் இருந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைக் கண்டுகொள்ளவில்லை. தொலைபேசியை எடுத்து ஏதோ அழுத்தி, மேசையில் வைத்தார். மணி அடித்தது.

"அப்பா?" தாரணியின் குரல் அந்தக் குசினிக்குள் கேட்டது.

அண்ணை தொண்டையைச் செருமினார். எட்டு மாதத்துக்குப் பிறகு மகளிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"எத்தனை நிமிசம் அவிக்கிறது?"

அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"ஐஸ் கட்டியாவே இருக்கோ அப்பா?"

"ஓம். இளகவிடோணுமோ?"

"வேண்டாம், அப்பிடியே வையுங்கோ. அடியில கொஞ்சம் எண்ணெய் தொட்டு வையுங்கோ, ஒட்டாது. இருபத்தஞ்சு நிமிசம். இடையில மூடி திறக்காதேங்கோ."

"சரி." மூடியை வைத்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். தொலைபேசியை நிறுத்தவில்லை, அவளும் நிறுத்தவில்லை. ஆளுக்காள் ஒன்றும் கதைக்காமல் தண்ணீர் கொதிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை" என்றேன். "நேற்று ரயிலில நான் சொன்னது..."

"இப்ப கதையாதை. இருபத்தஞ்சு நிமிசம் பொறு."

பொறுத்தேன். என் வாழ்நாளில் நான் பொறுத்த இருபத்தைந்து நிமிடம் அது ஒன்றுதான். கதிரையில் இருந்து சுவரைப் பார்த்தேன், பிரிஜ்ஜைப் பார்த்தேன். கோயில் கலண்டர் அங்கேதான் ஒட்டிக் கிடந்தது. நாலு நாளாக என் கண்ணுக்கு முன்னால். நேற்றைய கட்டத்தில் கறுப்பு வட்டம். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மறுபடியும் கோபம் வந்தது.

அண்ணை மூடியைத் திறந்தார். குசினி முழுக்க ஆட்டு வாசம்.

"விசிறுங்கோ அப்பா, உடனே விசிறுங்கோ" என்று தொலைபேசி சொன்னது.

அண்ணை அங்கும் இங்கும் பார்த்தார். பலகை ஒன்றும் கைக்கெட்டவில்லை. பிரிஜ்ஜில் இருந்த கோயில் கலண்டரைப் பிடுங்கி எடுத்து, படபடவென்று விசிறினார். பூஸ் எல்லாம் பளபளவென்று வந்தது.

ஒன்றை எடுத்தார். ஓரத்தில் சின்னதாக ஒரு கடி. சாற்றை உறிஞ்சினார், ஒரு சொட்டும் சிந்தவில்லை. நேற்று அவ்வளவு நேரமும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒன்று முடிந்தது, அடுத்ததை எடுத்தார். ஐந்தாவதுக்குப் பிறகு, வாயில் பூஸோடு, தொலைபேசியைப் பார்த்துக் கேட்டார்.

"டெர்மின் எத்தனை மணிக்கு?"

யாழ்ப்பாணத்துக் கலண்டரில் அன்றைக்குத்தான் அமாவாசை. நான் வாயைத் திறக்கவில்லை.